எழுபத்தெட்டு டிகிரி

— இன்னொரு தடவை செல்ஃப் அடிண்ணே. நான் கை தூக்கினதும் விட்டுடு.

— போதும் பாப்பா. பேட்டரியும் இறங்கிடுச்சுன்னா தள்ளறதுக்கு ஆள் தேடணும்.

— கடைசியா ஒரு தடவை. அண்ணி, டார்ச்சைக் கொஞ்சம் கீழ காட்டுங்க.

— காட்டிட்டுத்தானே இருக்கேன் கண்ணு.

— பாத்தீங்களா? பிடிக்குது, இருமுது, ஐடிலிங் ஏறாமலே செத்துடுது. குளிர்ல அது தானா கொஞ்சம் வேகமா ஓடணும்.

— இதைத்தான் ஒரு மாசமா நானும் பாக்கறேன். வெயில் வந்தா சமர்த்தா ஓடும். விடு.

— வெயில் வர்றப்ப உன் லோடு இன்னொருத்தன் வண்டியில போயிருக்கும். நேத்து முதலாளி என்ன சொன்னாரு?

— என்ன சொன்னாரு, இன்னிக்கும் விடியறதுக்குள்ள வரலைன்னா காலை லோடு எனக்கில்லைன்னாரு. சொல்லிட்டுப் போறாரு.

— சொல்லிட்டுப் போறாராம். அண்ணி, கேட்டீங்களா? இத்தனை வருஷமா ஓட்டின லோடு. இவர் பேசறதைப் பாருங்க.

— அவருக்குத் தூக்கக் கலக்கம். நீயும் போய்க் கொஞ்ச நேரம் படு. வேலைக்குப் போகணும், சாயங்காலம் கிளாஸ் வேற இருக்கு.

— மெக்கானிக் கிளாஸ்ல கெஞ்சிக் கூத்தாடி, வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கிற இந்த ஸ்கேனரை வாங்கிட்டு வந்திருக்கேன். பாக்காமத் திருப்பிக் குடுக்கவா? ஒண்ணொண்ணா வருவோம். தப்பா இருந்தா திட்டாதீங்க. ஒருவேளை டீசல்ல காத்து இருந்தா...

— ஆரம்பிச்சுட்டா. உங்க வாத்தியார் பாடத்தையே 'ஒருவேளை'ன்னுதான் ஆரம்பிப்பாரா?

— ஒருவேளை.

— சரி போ.

— டீசல் ஒழுங்கா வருது. ஃபில்டர் மாத்தியாச்சு. ஹீட்டர் பிளக் எல்லாம் புதுசு. அப்புறம் என்ன மாத்தின?

— டெம்பரேச்சர் சென்சாரும் போன வாரம் மாத்திட்டேன். அதுவும் புதுசுதான்.

— எது, இதுவா? அண்ணே, இது டேஷ்போர்டுல இருக்கிற முள்ளுக்குப் போற சென்சார். கம்ப்யூட்டருக்குப் போறது இதோ, பின்னாடி ஒளிஞ்சிருக்கு. அழுக்கு கூட கலையல.

— ரெண்டு இருக்கா? எனக்கெங்க தெரியும்.

— அன்னிக்குச் சாப்பிடறப்ப படம் போட்டே காட்டினேன். அண்ணிதான் எந்த ஒயரு, எங்க போகுதுன்னு நோண்டி நோண்டிக் கேட்டாங்க. நீ தட்டைப் பாத்துட்டு இருந்த.

— பசிச்சுது, பாத்தேன்.

— இப்ப முள் எங்க நிக்குது?

— அடியில. அசையவே இல்ல.

— சரியாத்தான் காட்டுது, இன்ஜின் கல்லு மாதிரி சில்லுன்னு இருக்கு. ஸ்கேனர்ல கீழ ஒரு நம்பர் இருக்கும், அதைப் படி.

— எறும்பு ஊர்ற மாதிரி என்னமோ ஊருது. இவளே, நீ வந்து பாரு.

— கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்களேன்.

— கண்ணாடில பனி. வந்து பாருங்கறேன்.

— எழுபத்தெட்டுன்னு இருக்கு கண்ணு.

— எழுபத்தெட்டு டிகிரியா? நல்லாப் பாருங்க அண்ணி, புள்ளி எங்கயாவது இருக்கா?

— இல்ல. எழுபத்தெட்டுதான்.

— அப்ப அதான். ஒருவேளை அதான். இன்ஜின் இங்க விறைச்சுக் கிடக்கு, கம்ப்யூட்டர் கொதிக்குதுன்னு நினைச்சுட்டு இருக்கு. அதனால ஹீட்டரும் போடல, கூடுதல் டீசலும் குடுக்கல. வெயில் ஏறினா இதெல்லாம் தேவையில்ல, ஓடிடுது.

— சரி, சென்சார்தானே. கடை திறந்ததும் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கலாம். பானெட்டை மூடு.

— இரு. நான் நினைக்கறது தப்பா இருக்கலாம். சென்சாரோட பிளக்கையே கழட்டறேன். கழட்டினா நம்பர் மைனஸுக்கு விழணும். அண்ணி, விழுந்துச்சா?

— இல்ல. எழுபத்தெட்டு.

— கழட்டியும் எழுபத்தெட்டா?

— அங்கயேதான் நிக்குது. விடு கண்ணு, குளிருது உனக்கு.

— சென்சாரே இல்லாம சூடுன்னு யாரு சொல்றா? அப்ப கோளாறு ஒயர்லதான் இருக்கு. இங்க வந்து டார்ச்சைப் பிடிங்க. இந்தக் குழாய்க்குப் பின்னாடி. இல்ல, இந்தப் பக்கம். லைட் ஆடுது அண்ணி.

— கை மரத்துப் போச்சு.

— ஃபேக்டரில நாள் முழுக்கக் கடுகு மாதிரி சாமானை எல்லாம் போர்டுல ஈயம் உருக்கிச் சால்டர் வைக்கிற கை. அது ஆடுதுன்னா நான் நம்பணுமா?

— வயசாச்சு கண்ணு.

— இங்க டேப் புதுசா இருக்கு. பிரிக்கறேன்.

— பிரிக்காத.

— ஏன்?

— ஈரம் இறங்கும்.

— அண்ணி, இது என்ன?

— எது?

— ரெண்டு ஒயருக்கும் நடுவுல ஒரு ரெசிஸ்டர். நெல்லு அளவுக்கு இருக்கு. மெக்கானிக் யாரும் இப்படி வைக்க மாட்டான். முறுக்கி, சுத்திட்டுப் போயிடுவான். இது சால்டர்ல முத்து வெச்ச மாதிரி இருக்கு.

— மெதுவாப் பேசு.

— நீங்களா?

— நீ சொன்னதுதானே. சூடுன்னு பொய் சொன்னாப் போதும், குளிர்ல எந்திரிக்காது, பகல்ல ஓடும்னு. படம் போட்டுக் காட்டினதும் நீதான்.

— ஏன் அண்ணி? அவர் லோடு போகுது.

— போகட்டும். என் தங்கச்சி வீட்டுல இருந்து திரும்பறப்ப பக்கத்துல உக்காந்திருந்தேன். இருட்டு. எதிர்ல ஒரு பஸ், லைட்டு கண்ணைப் பறிக்குது. இவர் நேரா அது மேலயே விடறாரு. ஸ்டியரிங்கைப் பிடிச்சு நான்தான் இழுத்தேன். வீட்டுக்கு வந்ததும் 'ரோட்டுல குழி, அதான் ஒடிச்சேன்'னாரு. நானும் ஆமான்னேன்.

— ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட வேண்டியதுதானே.

— பார்வையைப் பத்தி வாயெடுத்தாலே எழுந்து போயிடறாரு. லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்கன்னு பயம். பகல்ல பழுதில்லாம ஓட்டறாரு கண்ணு. இருட்டுல மட்டும் வண்டி எந்திரிக்காம இருந்தா போதும்னு நினைச்சேன். வேற என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியல.

— என்ன ரெண்டு பேரும் முணுமுணுக்கறீங்க? கிடைச்சுதா?

— இருண்ணே, பாத்துட்டு இருக்கேன். அண்ணி, இதை வெட்டினா வண்டி இப்பவே கிளம்பிடும்.

— வெட்டறதா இருந்தா வெட்டு. நான் தடுக்கல. ஆனா அந்த இருட்டுல அவரை ஏத்தி அனுப்பறது நீதான், அதை ஞாபகம் வெச்சுக்கோ.

— ஒரு மாசமா இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கணும்னுதான் கிளாஸ்ல முன் பெஞ்சுல உக்காந்தேன்.

— தெரியும்.

— பாப்பா, உன்னத்தான் கேக்கறேன். கிடைச்சுதா இல்லையா?

— இல்லண்ணே. எனக்குப் பிடிபடல. இன்னிக்கு வண்டி போகாது.

— ஒருவேளையா, நிச்சயமாவா?

— நிச்சயமா.

— முதல் தடவையா ஒண்ணை நிச்சயமாச் சொல்றா. அதுவும் பொய்.

— ஏங்க, எதுக்கு இருட்டுல இறங்கி வர்றீங்க? படி பாத்து.

— பாத்தா தெரியாது, தடவித்தான் இறங்கணும். பாப்பா, பிரிச்ச டேப்பைத் திரும்பச் சுத்திடு. வெயில் வரட்டும், இதே வண்டியில கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம். முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்.

— அண்ணே, உனக்கு எப்பத் தெரியும்?

— சென்சார் மாத்தறேன்னு போன வாரம் கையை விட்டப்பவே விரல்ல பட்டுச்சு, டேப்பை விலக்கித் தடவிப் பாத்தேன். இவ்வளவு வழவழன்னு சால்டர் வைக்க இந்த வீட்டுல வேற யாரு இருக்கா? அதனாலதான் அதுல கை வைக்காம, தெரிஞ்சே முள்ளுக்குப் போற சென்சாரை மாத்தினேன்.