‘தியேனி’ என்றொரு சொல்

மேடையில் அமர்ந்திருக்கும் தமிழர் சங்கத் தலைவர் அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, கலாதேவியின் கணவர் மகேந்திரராஜா அவர்களே, மகள் கம்சனா, கலாதேவியை நினைவுகூர வேலைநாளிலும் இந்த ஹனோவர் மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, வணக்கம். நான் இன்னாசித்தம்பி. பிறர் பேசுவதை ஒலிப்பதிவு செய்தே காலம் கழித்தவன். ஒலிவாங்கிக்கு இந்தப் பக்கம் நின்று பழக்கமில்லை. ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நலவாழ்வுப் பரப்புரையாளர் திருமதி கலாதேவி மகேந்திரராஜா ஆபிரிக்காவில் என்ன செய்தார்? மருந்து கொடுத்தார் என்று சிலர் நினைக்கிறீர்கள். இல்லை. அவர் விளம்பரம் செய்தார். சவர்க்காரத்துக்கும் தேயிலைக்கும் செய்வதைப்போல, பெண்களுக்கான ஒரு பரிசோதனைக்கு வானொலியில் விளம்பரம் செய்தார்.

மலாவியில் அவரும், ஒலிப்பதிவாளனாக நானும் முதலில் ஒரு வானொலி நாடகம் போட்டோம். பரிசோதனைக்குப் போகாத பெண் கடைசியில் இறந்துபோவாள். ஊரே கேட்டது, ஊரே அழுதது. மருத்துவ நிலையத்தில் காத்திருப்பவர்கள் இருக்கும் வாங்கு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. கலாதேவி கோபித்துக்கொள்ளவில்லை. வீடு வீடாகப் போய், ஏன் வரவில்லை என்று கேட்டார். பயம் என்று எவரும் சொல்லவில்லை. தனியாகப் போனால் ஊர் என்ன நினைக்கும் என்றுதான் சொன்னார்கள். நமக்கும் தெரிந்த பதில்தானே.

அன்று என்னிடம் சொன்னார்: “அண்ணை, நாடகத்தை நிப்பாட்டுவம். ‘போ’ எண்டு சொன்னா ஆரும் போகமாட்டினம். ‘வாங்கோ, போவம்’ எண்டு சொல்லிப் பாப்பம்.”

அந்த மக்களின் மொழியில் அதற்கு ஒரே சொல்: தியேனி. சந்தைக்குப் போகும் இரண்டு பெண்கள். வழியில் மருத்துவ நிலையம். ஒருத்தி மற்றவளிடம் சொல்லும் அந்த ஒரு சொல். புதிய விளம்பரம் அவ்வளவுதான். வாங்கு நிறைந்தது. இடம் போதாமல் பெண்கள் மரத்தடியில் பாய் விரித்து இருந்தார்கள்.

இனி, வாசலில் நீங்கள் மெதுவாகக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கலாதேவிக்கு என்ன வருத்தம், எந்த நோய்? மரண அறிவித்தலில் ‘சுகயீனம்’ என்றுதான் போட்டிருந்தோம். கம்சனா என்னிடம் வந்தாள். “மாமா, அம்மா எண்டா பேரைச் சொல்லியிருப்பா. நீங்கள் சொல்லுங்கோ,” என்றாள்.

சொல்கிறேன். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். மலாவியில் அவர் விளம்பரம் செய்த பரிசோதனை இதற்குரியதுதான். இங்கே மருத்துவரைப் பார்க்கத் தனக்கு நாள் குறித்து எடுத்த டெர்மினையெல்லாம் பயணத்தைச் சாட்டித் தள்ளிப்போட்டார். “போனீரோ?” என்று மகேந்திரராஜா கேட்பார். “திரும்பி வந்து போறன்,” என்பார். ஊருக்கெல்லாம் துணை தேடிக் கொடுத்தவரிடம், வாருங்கள் போவோம் என்று சொல்ல இங்கே ஒருவரும் இருக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு முதலில் ஆத்திரம்தான் வருகிறது. அழுகை அதற்குப் பிறகுதான்.

அவரது பணியைத் தொடர்வோம் என்று மேடையில் சொல்வது எளிது. வரும் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிரதான ரயில் நிலைய வாசலில் கம்சனா நிற்பாள். அன்று அதே பரிசோதனைக்கு அவளுக்கு டெர்மின். பெண் மருத்துவர் ஒருவர் அந்தக் காலையை நம்மவர்களுக்கென்றே ஒதுக்கித் தந்திருக்கிறார். “தனியப் போக ஏலாது, மாமா,” என்று அவளும் சொல்லிவிட்டாள். பிள்ளைகளை ஆண்கள் நாங்கள் பார்த்துக்கொள்வோம். தேத்தண்ணீர் என் பொறுப்பு.

தாய்மாரே, சகோதரிகளே, அந்தப் பிள்ளை அங்கே தனியாக நிற்கக் கூடாது. தியேனி. வாங்கோ, போவம்.