அமைதியாய் இருந்ததைக் கொன்றது யார்?

மருத்துவமனையின் மணிமுடியே, தலைவர் அவர்களே! ஊசியைக் காட்டியே ஊரை அடக்கும் செவிலியர் தாய்மாரே! காற்றுக்கே வழிவிடாத ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பெருமக்களே! மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு வருந்திக்கொண்டிருக்கும் விழாக் குழுவினரே! அனைவர்க்கும் இந்த மாமனின் மலையளவு வணக்கம்!

யாருக்கு மாமன்? முன்வரிசையில் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாளே, என் அக்கா மகள், அவளுக்கு! எந்த ஆம்புலன்ஸ் எந்தத் தெருவில் நிற்கிறது என்று கட்டுப்பாட்டு அறைத் திரையில் காட்டும் புரோகிராமை எழுதியவள் அவள்.

அந்தப் புரோகிராம் செத்துச் செத்து விழுந்தது, ஐயா! எப்போது? ஊரில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழாமல், வண்டிகள் ஓய்ந்து நிற்கும் நல்ல வேளை பார்த்து! பரபரப்பில் பாய்ந்தது, அமைதி வந்ததும் அடங்கியது. அடுத்த அழைப்பு வரும்போது திரை இருட்டு. வண்டி எங்கே என்று அறையே அலறியது.

"எழுதினதே சரியில்ல. நாளைக்குத் தூக்கிட்டுப் பழசையே போட்டுருவோம். அந்தப் பொண்ணுக்கு வேற வேலை குடுங்க" என்றார் தலைமைப் பொறியாளர். இதோ, மேடையில் தண்ணீர் குடிக்கிறாரே, அவரேதான்! குடியுங்கள் ஐயா, இன்னும் இருக்கிறது.

அவளுக்கு மதியச் சாப்பாட்டோடு போனேன். அழுதாளா? அசைந்தாளா?

"மாமா, அது தானா சாகல. யாரோ கொல்றாங்க."

"அடிப்பாவி! போலீசக் கூப்பிடவா?"

"சும்மா இருங்க மாமா. ஒட்டுக்கேக்கப் போறேன்."

தாய்மாரே, எந்தப் புரோகிராமும் தானாக ஒரு துரும்பையும் நகர்த்தாது. கோப்பைத் திறக்க, படிக்க, எழுத, காத்திருக்க, எல்லாவற்றுக்கும் கணினியை ஆளும் இயங்குதளத்திடம் கெஞ்ச வேண்டும். அந்தக் கெஞ்சலை வரிவரியாகக் காட்டும் கருவி ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை நிறுத்தாமலே அதன்மேல் அதை ஏவினாள். சூரியனே சன்னலோரம் வந்து எட்டிப் பார்த்தது!

திறந்தேன் என்றது. படித்தேன் என்றது. வண்டிகளிடமிருந்து செய்தி வரக் காத்திருக்கிறேன் என்றது. காத்திருந்தது, காத்திருந்தது. காத்திருப்பது குற்றமா? அப்போது வந்து விழுந்தது ஒரு சமிக்ஞை: "முடித்துக்கொள்!" அதே வரியில், அனுப்பியவரின் எண்!

கணினிக்குள் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஓர் எண் உண்டு; அந்த எண் யாருடையது என்று தேடினாள். யார் தெரியுமா? காவலாளி! இயங்காமல் தொங்கிப்போன புரோகிராம்களை அப்புறப்படுத்த வைத்த காவல் புரோகிராம்! அசையாமல் இருந்தால் பிணம் என்று அதற்குப் பாடம். அப்படிப் பார்த்தால், நான் பேசத் தொடங்கியதிலிருந்து இந்த அரங்கில் எத்தனை பிணம்! பின்வரிசைப் பெரியவரே, கண்ணைத் திறவுங்கள்!

அந்தக் காவலாளியை எழுதியது யார்? என்ன, நானா? எனக்கு டிவி ரிமோட்டே அடங்காது, அம்மா! மறுபடியும் தண்ணீரை எடுக்கிறாரே, அவர்!

"சார், உங்க காவலாளிதான் அனுப்புது. இந்த நம்பரப் பாருங்க."

பார்த்தார். மறைத்திருக்கலாம், மழுப்பியிருக்கலாம். மனிதர் மலையாக நின்றார்.

"தப்பு என்னுதும்மா. உன் புரோகிராமே இருக்கட்டும். இனிமே உயிரோட இருக்கியான்னு கேட்டுட்டுக் கொல்லச் சொல்றேன்."

"கொல்லாம விட்டா இன்னும் நல்லது சார்!"

கைதட்டுங்கள்! கூரை பறக்கட்டும், நான் கட்டித் தருகிறேன்! பழி வந்து வாசலில் நின்றபோது பதறாமல் காதைத் தீட்டினாளே, அவள் என் அக்கா மகள்! இன்று வண்டிகள் ஓய்ந்து நிற்கும்போதும் திரை ஒளிர்கிறது.

பொறுத்துக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. இந்த ஊரில் ஒருவரும் அடிபடாமல், அவளுடைய புரோகிராம் வேலையே இல்லாமல் சும்மா இருந்து நூறாண்டு வாழட்டும்! வணக்கம்!