இங்கிலீஷ் அம்மாவும் அமெரிக்கா அம்மாவும்

சீட்ட பின்னாடி தள்ளிக்கோங்க மேடம், ராத்திரி பூரா ரயில்ல வந்திருக்கீங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தை. வண்டி இப்படித்தான் ஊரும். பயப்படாதீங்க, நீங்க கேள்வி கேக்கப் போற வைவாவுக்கு இன்னும் டைம் கீது.

டிரைவரா? இல்ல மேடம், நான் அனுப்பிரியாவோட வூட்டுக்காரன், குப்புராஜ். பரவால்ல, இந்தச் சட்டைய பாத்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க. கீழ்க்கட்டளைல ஹார்டுவேர் கடை. பெயிண்ட்டு, பைப்பு, தாழ்ப்பாளு. படிப்பு பத்தாவதோட சரி.

அவ தீசிஸ முழுசா படிச்சீங்களா? எப்படி கீது? அப்படியா... நீங்க பாத்ததுலயே நல்லதா? அய்யோ. இத அவ கேட்டா அழுதுடுவா மேடம். எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்போ, பெட்டுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து எழுதுனா. ஒரு கை எழுதும், ஒரு கை எங்கம்மா கால அமுக்கும்.

எனக்கும் கொஞ்சம் தெரியும். நான் சாப்புடுறப்போ சொல்லுவா. ரெண்டு பொம்பளைங்க, ஒரே காலம். ஒருத்தங்க இங்கிலீஷ் அம்மா, கதை எழுதுனவங்க. ஆம்பள பேர்ல எழுதி பெரிய பேரு வாங்குனாங்க. கல்யாணமான ஒருத்தர்கூட ஊரறிய குடும்பம் நடத்தி, கூடப்பொறந்த அண்ணனே பேச்ச வுட்டுட்டாராம். இன்னொருத்தங்க அமெரிக்கா அம்மா. கவிதை. வூட்ட வுட்டு வெளிய வர்றதே இல்லியாம். எழுதி எழுதி உள்ளயே வெச்சிட்டாங்க. செத்தப்புறம்தான் தங்கச்சி எடுத்துப் பாத்துதாம்.

எனக்கு அமெரிக்கா அம்மாவத்தான் புடிச்சிது. ரொட்டி சுடுவாங்க, செடிக்குத் தண்ணி ஊத்துவாங்க. நீயும் அப்படி வூட்லயே இருந்து எழுதேன், இன்னா கொறச்சல்னு கேட்டேன். அவ கோவப்படல. அவங்கள யாரும் புடிச்சி உக்கார வெக்கலீங்க, அவங்களா எடுத்த முடிவு அதுன்னா. ரெண்டு பேருக்கும் ஏணி வெச்சாலும் எட்டாதுன்னு எல்லாரும் எழுதுறாங்க, எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் படுது, எப்படி வாழணும்னு யார்கிட்டயும் அனுமதி கேக்காதவங்கன்னா. அதுக்கப்புறம் எனக்கு சோறு எறங்கல.

ஏன்னா, டெல்லில ஒரு வேலை வந்திருந்துச்சு மேடம். இந்த டாக்டர் பட்டம் முடிஞ்சா போய் சேர்ந்துடலாம். நீங்களும் வாங்க, கடைய அங்க போடலாம்னு சிரிச்சிகினே சொன்னா. இங்க எந்தத் தெருவுல நின்னு குப்புராஜ்னு கேட்டாலும் கடைக்கு வழி சொல்லுவாங்க. அங்க போய் நான் யாரு? இந்தி வராது, இங்கிலீஷ் வராது. அவ தனியா போனா, போனவ என்னிய நெனச்சிகினு திரும்பி வருவாளா? சொல்லுங்க, நீங்க படிச்சவங்க.

இல்ல மேடம், அவ காலேஜுக்குப் போகல. வூட்லதான் கீறா.

நேரா போனா காலேஜு. நான் இங்க ரைட்ல திரும்பிக்கிறேன், கோச்சிக்காதீங்க. கீழ்க்கட்டளை கிட்டத்தான்.

காலைல அவ குளிச்சிகினு இருந்தா. இஸ்திரி போட்ட பொடவை கட்டில் மேல கெடந்துது. வாசக்கதவ வெளியில பூட்டிட்டு உங்கள கூட்டிகினு போக வந்துட்டேன். சாவி பாக்கெட்ல கீது. அவ போனும் என்கிட்டதான். இன்னிக்கு அவ வரலன்னா டெல்லி தன்னால நின்னுடும்னு நெனச்சேன். நீங்க மட்டும் நல்லால்லன்னு சொல்லியிருந்தா பேசாம நேரா போயிருப்பேன் மேடம்.

தோ, அந்தப் பச்ச பெயிண்ட் வூடுதான். நீங்களும் எறங்கி வாங்களேன். தனியா போய் தொறக்க பயமா கீது.