வியாழக்கிழமைக் கிடங்குப் பணி

என் கையெழுத்து நன்றாக இருக்கும். நேற்று நீங்கள் விசாரணைக்கான என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து தரச் சொன்னீர்கள். மன்னிக்க வேண்டும் மேடம், கையாலேயே எழுதுகிறேன். இருபத்தாறு வருடங்களாக இந்தப் பயிற்சி முகாமின் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடாமலே ராணுவத்திலிருந்து ஓய்வுபெறப் போகிற ஒரே ஆள் நான்தான் என்று என் மனைவி கேலி செய்வாள். உண்மைதான். சண்டை சச்சரவு என்றாலே நான் ஒதுங்கிப் போய்விடுவேன்.

உங்கள் முதல் கேள்வியே 'ஏன் செய்தீர்கள்' என்று இருக்கிறது. என்ன செய்தேன் என்று சொன்னால்தானே ஏன் என்று புரியும். அதனால் வரிசையை மாற்றிக்கொள்கிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன், பெண்கள் மீதான அத்துமீறல்களைக் கண்காணிக்கவும் தடுக்கவும் ஒரு பொறுப்பை உருவாக்கி என் தலையில் கட்டினார்கள். அதன் விதி எளிமையானது. பாதிக்கப்பட்டவள் உடனே விசாரணை கேட்கலாம். அதற்குத் துணிவில்லை என்றால், ஆளின் பெயர், நாள், இடம் மூன்றையும் எழுதி ஓர் உறையில் போட்டு ஒட்டி என்னிடம் தரலாம். நான் பிரித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு அலமாரியில் வைப்பேன். யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஆளின் பெயரோடு இன்னோர் உறை வந்தால், இரண்டு பெண்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, 'உன்னைப் போல் இன்னொருத்தி இருக்கிறாள், இப்போது பேசுகிறாயா' என்று கேட்டாக வேண்டும். நல்ல விதி. யோசித்தவர் புத்திசாலி. பெயர்களைப் பொருத்திப் பார்க்கும் வேலையை ஒரே ஆளிடம் விட்டதுதான் அவர் செய்த பிழை.

ஆயுதக் கிடங்கு சார்ஜென்டின் பெயரோடு முதல் உறை மழைக்காலத்தில் வந்தது. ஏழு வாரம் கழித்து இரண்டாவது வந்தது. வேறு கையெழுத்து, அதே பெயர், அதே கிடங்கு.

முகாம் தளபதியிடம் போனேன். அவர் எனக்கு எந்த உத்தரவும் போடவில்லை என்பதை இங்கே தெளிவாக எழுதுகிறேன். அவர் மீது பழி வரக்கூடாது. "ரெண்டும் ஒரே ஆளுதானா, நல்லாப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அடுத்த மாசம் மேலிடத்துலேருந்து பார்க்க வர்றாங்க. பெண்கள் பிரிவை நடத்தலாமா, மூடலாமான்னு முடிவு பண்ணப் போறாங்க. நீங்க அனுபவசாலி, பாத்துப் பண்ணுங்க" என்றார்.

நாற்பது பெண்கள். மூடினால் நாற்பது பேரும் மூட்டை கட்ட வேண்டும். இரண்டு பேரின் துயரத்துக்காக நாற்பது பேரின் சோற்றில் மண்ணைப் போடுவதா? நான் இரவெல்லாம் தூங்காமல் புரண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அன்று நன்றாகவே தூங்கினேன். மறுநாள் பதிவேட்டில் இரண்டாவது உறைக்கு எதிரே, 'பெயர் தெளிவாக இல்லை' என்று எழுதினேன்.

முதல் உறை கொடுத்த பெண் அந்த வாரமே வந்து, "வேற யாராச்சும் இருக்காங்களா சார்? ஒருத்தி இருந்தாக்கூடப் போதும், நான் பேசிருவேன்" என்றாள். இல்லையம்மா என்றேன். அவள் வேலையை விட்டுப் போனாள். இரண்டாமவளும் போனாள். இப்போது ஏதோ வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் அவர்கள் முன்னும் பின்னுமாக நின்று பேசிக்கொண்டார்களாம். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். நான் நான்கு வருடம் பொருத்தாமல் வைத்திருந்ததை ஒரு வரிசை அரை மணி நேரத்தில் பொருத்திவிட்டது.

ஆனால் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அதை நீங்கள் பதிவு செய்ய வேண்டும். தடுப்பு என்பதும் என் பொறுப்பில் பாதி அல்லவா? பணிப்பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டுமே வியாழக்கிழமைப் பிற்பகல். அன்று கிடங்கில் ஆயுதங்களைத் துடைத்துச் சரிபார்க்க ஒரு பெண்ணை அனுப்புவோம். பட்டியல் போடுவதும் நான்தான். இரண்டு பேராக அனுப்ப ஆரம்பித்தேன். ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

ஏழாவது வாரம் சார்ஜென்ட் என் மேசைக்கு வந்தார். "என்னண்ணே, கிடங்குல கூட்டம் கூட்டுறீங்க? ஒருத்தி போதாதா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அந்த வாரமே அவர் பெயரோடு, இடம் சலவைக்கூடத்தின் பின்புறம் என்று குறித்து, ஓர் உறை வந்தது. எழுதியவள் ஒரு வழக்கறிஞரின் மகள். அவளைச் சமாதானப்படுத்தி வேறு முகாமுக்கு மாற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் இன்னொரு பக்கம் உடைத்துக்கொண்டு போகும். எங்கே போகும் என்று தெரியாமல் இருப்பதைவிட, தெரிந்த வாய்க்காலில் போவது நல்லது.

மறுபடி ஒருத்தியையே அனுப்பினேன். ஆனால் யாரை என்பதில் கவனமாக இருந்தேன். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலோர் அப்பா, கணவர், அண்ணன் என்று நிரப்புவார்கள். சிலர் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார்கள். கோடு போட்ட பெண்கள் உறை கொடுப்பதில்லை. இதை நான்தான் கண்டுபிடித்தேன். போக்கிடம் இல்லாதவள் இருக்கிற இடத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டாள்.

முதல் வருடம் பதினான்கு உறை. பிறகு ஒன்பது, நான்கு, கடைசியில் ஒன்றுமில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, கட்டெறும்பும் காணாமல் போனது. முகாமுக்குக் கேடயம் கொடுத்தார்கள். மற்ற முகாம்களிலிருந்து என் பட்டியல் முறையைக் கேட்டுக் கடிதங்கள் வந்தன. பதில் எழுதினேன். கட்டத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அது தொழில் ரகசியம். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று என் உதவி எழுத்தர் உங்களிடம் சொன்னாராம். நான் மேயவில்லை மேடம். என் மீது அப்படி ஒரு புகார் ஒருநாளும் வந்ததில்லை.

இனி, நீங்கள் கேட்ட அந்த ஓட்டுநர் பெண். இருபத்துமூன்று வயது. விடுதியில் வளர்ந்தவள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்; என் பழைய ஸ்கூட்டரின் சத்தத்தைக் கேட்டே, "அண்ணே, உங்க வண்டிக்கு ஜலதோஷம்" என்று சொல்லி அதைச் சரிசெய்து கொடுத்தாள். எனக்கு அவளை மிகவும் பிடிக்கும். இதை மறைக்க மாட்டேன். சேர்ந்த அன்று படிவத்தோடு என் மேசைக்கு வந்து, "எனக்குன்னு யாருமில்லண்ணே. கோடு போட மனசு வரல. இந்தக் கட்டத்துல உங்க பேரை எழுதிக்கட்டுமா?" என்று கேட்டாள். எழுதிக்கொள் என்றேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

போன மாதம் கோடு போட்ட பெண்களில் ஒருத்தி விடுப்பில் போனாள், இன்னொருத்திக்குக் காய்ச்சல். ஆள் குறைந்தது. ஓட்டுநரின் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். நிரப்பிய கட்டம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அவளுக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தகவல் வரும்? எனக்கு. நான் புகார் செய்வேனா? அந்தக் கணக்கில் பார்த்தால் அதுவும் கோடுதான்.

புதன்கிழமை பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். "அண்ணே, நாளைக்குக் கிடங்குக்கு வேற யாரையாச்சும் போடுங்களேன்." ஏன் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். நான் இருக்கிறேன் அல்லவா, தைரியமாகப் போ என்றேன். போனாள்.

அவள் எதிர்த்துப் போராடியிருக்கிறாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்து மணிக்கு என் மேசைத் தொலைபேசி அடித்தது. நகர மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ். தலையில் அடி, நினைவு இன்னும் திரும்பவில்லை என்றார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அண்ணன் என்றேன். "இது விழுந்து பட்ட அடி இல்லைங்க. அவங்களால இப்பப் பேச முடியாது, அவங்க சார்பா நீங்கதான் சொல்லணும். புகார் குடுக்கறீங்களா?"

வேண்டாம் என்றேன். அவள் இன்னும் கண் திறக்கவில்லை என்று கேள்விப்படுகிறேன், வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் சென்ற காலாண்டில் நம் முகாமிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை என்பதைத் தயவுசெய்து உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.