நாலு தவணை

வாழையைப் போலப் பசி அடங்காத பயிர் வேறு கிடையாது, ஐயா. தழைச்சத்து கொடுத்தால் இலை ஜோராக வளரும், பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள். ஆனால் தார் கனக்க சாம்பல் சத்துதான் வேண்டும், அதாவது பொட்டாஷ். அது குறைந்தால் அடியிலை ஓரம் கருகி ஒடிந்து தொங்கும். அதற்காக ஒரே தடவையில் கொட்டினால் பாதி தண்ணீரோடு போய்விடும். நாலு தவணையாகப் பிரித்து வைக்க வேண்டும். கடைசித் தவணை குலை தள்ளும்போது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடமும் ஒரு முதுகும் செலவாயின.

அந்த முறைக்கு என் அக்கா புருஷன் பெயர் வைத்தார். தன் பெயரை. தோப்பு வாசலில் 'வாழை மன்னர்' என்று பலகையும் மாட்டிக்கொண்டார். விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அத்தான் மைக்கை ஊதிப் பார்ப்பதற்கே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வார். பிறகு, வேர் தன்னோடு பேசும் என்பார். என்னோடு அது ஒருநாளும் பேசியதில்லை. மூட்டைக்கடியில் எனக்குக் கேட்கவில்லையோ என்னவோ. ஒருமுறை யாரோ என்னைக் காட்டி யாரென்று கேட்டார்கள்.

"அவனா? நம்ம மச்சினன்தான். மூட்டை தூக்குவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன வருடம் அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. டாக்டர் எழுதிய தாளை அக்கா என் கையில் கொடுத்தாள். "வீட்ல நான் பாத்துக்கறேன். வெளியில நீதான்டா பாத்துக்கணும். வாழைப்பழத்தைத் தொடவே கூடாதாம்." சாம்பல் சத்து அவர் உடம்பிலிருந்து வெளியேறாதாம்; சேர்ந்துகொண்டே போய் நெஞ்சை நிறுத்திவிடுமாம். போட்டதைத் தண்ணீரோடு போகவிடாத மண் என்று புரிந்துகொண்டேன்.

மன்னருக்கு நோய் வரலாமா? அத்தான் யாரிடமும் மூச்சு விடவில்லை. கையில் ஊசித் தழும்பு தெரியும் என்று ரத்தச் சுத்திகரிப்பைக்கூடத் தள்ளிப்போட்டார். அதனால் என் வேலை சுலபமாயிற்று. அறுவடை வாரத்தில் நாலு கூட்டம். பேச்சு முடிந்ததும் எல்லோர் முன்னாலும் ஒரு பழத்தை உரித்து நீட்டுவேன். "நம்ம தோப்புப் பழம், அத்தான். சாப்பிட்டுக் காட்டுங்க." என்னை முறைப்பார். கூட்டத்தைப் பார்ப்பார். சாப்பிடுவார். ஒன்று முடிவதற்குள் அடுத்தது உரிந்திருக்கும். நான் வற்புறுத்தியதே இல்லை.

நாலாவது கூட்டத்தில் அவர் முகம் வெளிறியிருந்தது; கால் நிற்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, மைக்கை ஊதாமலே பேசினார்.

"இந்த முறை என்னுது இல்ல. என் மச்சினன் கண்டுபிடிச்சது. அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

பதினோரு வருடமாக நான் கேட்க ஆசைப்பட்டது இது ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டம் என் பக்கம் திரும்பிக் கைதட்டியது. நான் பழத்தை நீட்டினேன். சாப்பிட்டார். கைதட்டல் ஓய்வதற்குள் சரிந்தார், பிறகு எழவில்லை.

ஏற்கெனவே உரித்துவிட்டேன், ஐயா. உரித்த பழத்தை வீணாக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.