காற்று என்று சொல்லச் சொன்னவர்

தலைமையேற்றிருக்கும் ஊர் நாட்டாண்மை சடையன் அவர்களே, படவேட்டிலிருந்து மலையேறி வந்திருக்கும் பெரியோர்களே, ஜவ்வாது மலைத் தாய்மார்களே! கை கூப்ப முடியவில்லை, வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. பொறுத்தருளுங்கள்.

விமானி ஆதிநாராயணன் போய்விட்டார்! அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த டாக்டர் நான் பிழைத்துக் கிடக்கிறேன். இது என்ன நியாயம்?

எழுபத்தெட்டாம் வருஷம் பிறந்தும் இந்த மலை ஊர்களுக்கு பஸ் இல்லை. பாம்பு கடித்தவரை டோலி கட்டித் தூக்கிப்போய், பாதி வழியில் இறக்கி வைத்து அழுத மலை இது. இந்த மலைக்கு மருந்துப் பெட்டியோடு பறந்து வந்தவர் யார்? ஆதிநாராயணன்! மழையில் மற்றவர்கள் மறுத்தபோது வந்தவர் யார்? ஆதிநாராயணன்! ரங்கன் மகள் செல்லி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாளே, அது அவர் கொண்டுவந்த உயிர்.

அவரை நீங்கள் சாமியாக நினைத்தீர்கள். சாமி வரும் வழியில் தண்ணீர் தெளிப்பது உங்கள் வழக்கம். சென்ற வெள்ளிக்கிழமை விமானம் இறங்கும் இந்தக் களத்திலும் குடம் குடமாகத் தெளித்தீர்கள். ஒரு பக்கம் நனைந்து முடிவதற்குள் விமானச் சத்தம் கேட்டு ஒதுங்கிவிட்டீர்கள்.

வாலில் சின்னச் சக்கரம் வைத்த விமானம் அது. வானத்தில் அடங்கி வரும். தரையைத் தொட்ட பிறகுதான் முரண்டு பிடிக்கும். வால் ஒருமுறை விலகினால் அப்புறம் சொன்னபடி கேட்காது. இடது சக்கரம் சேற்றில் அழுந்தியது. வால் வீசிச் சுழன்றது. அவர் வலது கால்மிதியை முழு பலத்தோடு மிதித்து, "நில்லு, நில்லு" என்று கத்தினார். இறக்கை தரையில் குத்திக் கவிழ்ந்தோம்.

என் மடியில் அவர் கடைசியாகச் சொன்னது இது: "டாக்டர், தண்ணியாலன்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. காத்து தள்ளிடிச்சுன்னு சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். நேற்று எல்லோர் முன்னாலும், களத்தில் தண்ணீர் தெளித்தவர்களில் ஒருவரான மங்கம்மாள் கேட்டார்: "காத்துன்னா ஒத்தச் சக்கரத்துல மட்டும் இன்னாத்துக்கு டாக்டருங்க சேறு?"

அதனால்தான் இன்று நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன், தாயே! உங்கள் அன்பைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை.

'அவர் பணியைத் தொடர்வோம்' என்று முழங்க வேண்டிய இடம் இது. எப்படித் தொடர்வது? வேறு விமானம் இல்லை. இருந்தாலும் இங்கே இறங்க யாரும் சம்மதிக்கப் போவதில்லை. பெட்டியைச் சுமந்து நான் நடந்து வருவேன். அது ஒன்றுதான் என்னால் தர முடிந்த உறுதி. நடந்து வருபவன் விஷத்தை முந்த மாட்டான் என்பதும் எனக்குத் தெரியும்.

மங்கம்மா, நான் வரும் நாளில் வாசலில் தண்ணீர் தெளியுங்கள். உங்களால்தான் என்று நொந்து நீங்கள் தெளிக்காமல் விட்டால், அவர் சாகும்போது சொல்லச் சொன்ன பொய் வீணாகிப் போகும்.