குஸுமி வீட்டுப் புள்ளி

தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் அலுவலகத்தில் இவ்வளவு சூடாகக் கிடைக்காது.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். குடும்பப் பெயரில் வரும் ஒரே எழுத்தை ஒரு குடும்பம் ஒரு கோடு கூட்டி எழுதும், இன்னொரு குடும்பம் குறைத்து எழுதும். கணினியில் இல்லாத வடிவங்களை நகராட்சிகள் படமாக டோக்கியோவுக்கு அனுப்பும். வழக்கமான எழுத்தோடு சேர்ப்பதா, தனி எண் கொடுப்பதா என்று நாங்கள் முடிவு செய்வோம். யாருடைய பெயரும் விலாசமும் எங்களுக்கு வராது. எழுத்தும் ஊரும் மட்டும்தான் வரும்.

என் மனைவி சிஹாயாவின் பிறந்த வீட்டுப் பெயர் குஸுமி. அதன் முதல் எழுத்துக்கு அடியில், அவர்கள் வீட்டில் மட்டும், ஒரு புள்ளி உண்டு. எந்தக் காலத்திலோ ஒரு குமாஸ்தாவின் கைப்பிசகு அது என்று கல்யாணமான புதிதில் சொல்லிச் சிரித்தேன்.

"எங்கப்பா அதோட பொறந்து அதோட செத்தார். அதுல மட்டும் கை வைக்காதீங்க," என்றாள்.

வைக்கவில்லை. அவள் மேல் வைத்திருக்கிறேன், மறைக்கவில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மணிக்கட்டு முறிந்தது அவள் விழுந்த விதத்தால்.

பிறகு போய்விட்டாள். விவாகரத்து என்று ஒரு தாள் வந்தது, என் பெயரை விட்டுப் பழையபடி குஸுமி ஆகிவிட்டாளாம், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவள் விலாசத்தை எனக்குச் சொல்லக் கூடாதாம். நகராட்சியில் கேட்டால் அங்கிருந்த பெண் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ரயிலில் முன்னால் நிற்கும் பெண்களின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே போவேன். இரண்டு குளிர்காலம் அப்படியே போனது. பைத்தியம் பிடிக்காத குறைதான்.

மார்ச்சில் ஒரு நாள், பக்கத்து மேசை முனெயோகா தன் திரையை என் பக்கம் திருப்பினான்.

"அண்ணே, இதப் பாருங்க. ஈ எச்சம் போட்டுட்டுப் போன மாதிரி கீழ ஒரு புள்ளி. சாதா எழுத்தோட சேத்துடவா?"

"எந்த ஊரு?"

"ஹொக்கைடோல ஒரு மீன்பிடி ஊரு. ஒரே ஆளுக்குத்தான் வேணுமாம். இதுக்கெல்லாம் நாம மண்டைய ஒடச்சிக்கணும்."

சேர்க்க விடவில்லை. தனி எண் கொடுக்கச் சொன்னேன். அந்த வாரமே லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அந்த ஊரில் தெருத்தெருவாக நடந்து வாசல் பெயர்ப்பலகைகளைப் படித்தேன். மீன் காயப்போடும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. பலகையில் அவள் கையெழுத்தில் குஸுமி என்று இருந்தது, புள்ளியோடு. அங்கேயே நின்று அழுதேன்.

பார்சல் என்றேன். கதவைத் திறந்தாள்.

"யார் சொன்னாங்க?"

"நீதான்."

கத்தப் போனாள். அக்கம்பக்கத்தில் அவள் மானம் போகக் கூடாதே என்று வாயைப் பொத்தினேன். அவள் அடங்கின பிறகும் கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. ஒளிந்திருக்க நினைப்பவள் வாசலில் பெயரை மாட்டுவாளா? நான் வர வேண்டும் என்றுதான் மாட்டியிருக்கிறாள். கதவில் மூன்று பூட்டுகள் இருந்தனவே என்கிறீர்கள். அது திருடனுக்காக இருக்கும், ஐயா.